மைட்டர் சாவுக்கு ஸ்டாண்டு வாங்குமுன் அளக்க வேண்டியவை

நம் ஊரில் உள்அலங்கார வேலை நடக்கும் வீட்டுக்குள் நுழைந்தால், மரத்தைக் குறுக்கிலும் கோணத்திலும் வெட்டும் மின்வாளான மைட்டர் சா பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். இருபுறமும் காலி பெயிண்ட் டப்பாக்களோ அடுக்கிய டைல்ஸ் துண்டுகளோ மரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க, வேலை செய்பவர் குத்தவைத்து உட்கார்ந்து வெட்டுவார்; 10 அடி ஸ்கர்ட்டிங்கின் (சுவரின் அடியோரப் பட்டையின்) மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓர் உதவியாளர் நிற்பார். தரையில் அமர்ந்து வேலை செய்வது நம் தச்சர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். கால்விரலால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உளி போடுகிற அவர்களின் நேர்த்தியை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கைவாளுக்கும் உளிக்கும் பொருந்திய அந்த இருக்கை, நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கும் மேல் சுழல்கிற 10 அங்குல பிளேடுக்குப் பொருந்துவதில்லை. குத்தவைத்திருக்கும்போது முகம் பிளேடுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது, தூள் நேராகக் கண்ணுக்கு வருகிறது, மரம் சிக்கித் துள்ளினால் சட்டென்று விலகிக்கொள்ளவும் முடிவதில்லை.

புதிதாக மைட்டர் சா வாங்கியவர்கள், அல்லது தரையிலிருந்து எழுந்து நின்று வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தவர்கள், ஸ்டாண்டு வாங்கக் கடைக்குப் போனவுடன் கேட்கும் முதல் கேள்வி, "இது என் மெஷினைத் தாங்குமா?" என்பதாக இருக்கிறது. எந்த ஸ்டாண்டும் மெஷினைத் தாங்கிவிடும். மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரத்தைச் சாயாமல், தொங்காமல், மெஷின் மேசையின் அதே மட்டத்தில் பிடித்துக்கொள்வதுதான் ஸ்டாண்டின் உண்மையான வேலை. அதைச் சரியாகச் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் அளக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கடந்த சில மாதங்களில் நீங்கள் வெட்டியவற்றில் மிக நீளமானது எது, மிகக் கனமானது எது என்று எழுதுங்கள். பீடிங் எனப்படும் மெல்லிய ஓரப்பட்டையும் ஸ்கர்ட்டிங்கும் மட்டும் வெட்டுபவருக்கு 8 முதல் 10 அடி வரை வரும். சுவரில் ஒட்டும் லூவர் பேனல்கள் பெரும்பாலும் 9.5 அடி நீளத்தில் கிடைக்கின்றன. அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர் 12 அடி செக்‌ஷனை அப்படியே மேசையில் வைக்க வேண்டியிருக்கும். நிலை, கதவுச் சட்டம் போன்ற வேலை செய்பவருக்கு நீளம் 7 அடியோடு நின்றுவிடும். ஆனால் எடை ஏறும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் கனமுள்ள 7 அடி தேக்குச் சட்டம் ஒன்று ஏறத்தாழ 13 கிலோ இருக்கும்.

அடுத்து, மெஷினைப் பற்றிய குறிப்பு. எடையைக் கையேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெஷினுக்கு மெஷின் வேறுபாடு மிகப் பெரிது. மகிதாவின் பழைய எல்எஸ்1040 என்ற 10 அங்குல மெஷின் 11 கிலோதான். டிவால்ட்டின் டிடபிள்யூஎஸ்780 என்ற, வெட்டும் தலை தண்டுகளில் முன்பின் ஓடும் 12 அங்குல ஸ்லைடிங் மெஷின் 25 கிலோவைத் தாண்டுகிறது. பிறகு மெஷினின் நான்கு காலிலும் உள்ள போல்ட் ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தை, அகலவாக்கிலும் ஆழவாக்கிலும், மையத்திலிருந்து மையம் அளந்து எழுதுங்கள். கடைசியாக, தரையிலிருந்து மெஷினின் மேசைப் பரப்பு வரையுள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பல மெஷின்களில் அது 9 முதல் 12 செ.மீ.க்குள் இருக்கும். இந்தக் கடைசி அளவைப் பெரும்பாலானோர் எடுப்பதே இல்லை. ஸ்டாண்டின் கைகள், அதாவது மரத்தைத் தாங்க இருபுறமும் நீளும் சட்டங்கள், அந்த உயரத்துக்கு ஏறி இறங்குமா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே அமையும் என்பதால், அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, ஸ்டாண்டு எப்படி வேலையிடத்துக்குப் போகும் என்பது. டெம்போவிலா, ஆம்னி வண்டியின் பின்னாலா, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் தோளிலா? போய்ச் சேர்ந்த பிறகு லிஃப்டா, படிக்கட்டா? கட்டி முடியாத அடுக்குமாடிகளில் லிஃப்ட் கூண்டு வருவதற்கு முன்பே மரவேலை தொடங்கிவிடுகிறது என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். மூன்று மாடி படியேறி இறங்க வேண்டியவருக்கு, ஸ்டாண்டின் எடைதான் மற்ற சிறப்புகள் அனைத்தையும்விட முக்கியமாகப் படும்.

இரண்டாம் படி: மூன்று வகைகளில் உங்களுடையது எது

கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில், நடுவில் ஒரு தடித்த அலுமினியச் சட்டமும் அதன் அடியில் மடங்கும் நான்கு கால்களும் இருக்கும். சட்டத்தின் உள்ளிருந்து இருபுறமும் கைகள் வெளியே இழுபடும். இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு டிவால்ட்டின் டிடபிள்யூஎக்ஸ்723. அதன் எடை ஏறத்தாழ 16 கிலோ, தாங்குதிறன் 227 கிலோ, கைகளை முழுவதும் இழுத்தால் 16 அடி வரையுள்ள மரத்தைத் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மெஷினை ஒரு கையாலும் ஸ்டாண்டை மறு தோளிலும் தூக்கிக்கொண்டு ஒருவரே படியேற முடியும் என்பதால், மாடி வேலை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெஷினைத் தனியே கழற்றி, தனியே எடுத்துப் போய், மறுபடி மாட்ட வேண்டும் என்பது இதிலுள்ள ஒரே தொல்லை.

இரண்டாம் வகை சக்கரம் வைத்தது. மெஷினைக் கழற்றாமலே மடக்கி, சூட்கேஸ் போல உருட்டிக்கொண்டு போகலாம். போஷ் நிறுவனத்தின் டி4பி இந்த வகையில் பெயர்பெற்றது. ஒரு பக்கத்தைக் கீழே அழுத்தி லீவரைத் தட்டினால், வாயு அடைத்த தண்டின் உதவியால் மெஷினோடு தானாக எழும்பி நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெஷினையும் சேர்த்தால் 50 கிலோவைத் தாண்டிவிடும் சுமை அது. சமதளத்தில் உருட்டும்போது தெரியாத எடை, வண்டியில் ஏற்றும்போதும் முதல் படிக்கட்டைப் பார்க்கும்போதும் தெரிந்துவிடும். தரைத்தளத்தில் வேலை, சொந்த வண்டி, கனமான 12 அங்குல மெஷின் ஆகிய மூன்றும் அமைந்தவர்களுக்கு இது உகந்தது. சக்கரத்தைக் கவனித்து வாங்குங்கள்: 8 அங்குலச் சக்கரம் ஜல்லி மேலும் மணல் மேலும் உருளும், 4 அங்குல பிளாஸ்டிக் சக்கரம் முதல் ஜல்லியிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் வகை, மெல்லிய இரும்புக் குழாயாலான குறைந்த விலை மடக்கு ஸ்டாண்டு. இணையச் சந்தையில் பெயர் தெரியாத பல நிறுவனங்களிடமிருந்து இது கிடைக்கிறது. 7 அடிக்கு மேல் வெட்டாதவருக்கும், வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவருக்கும் இது போதும் என்றே நினைக்கிறேன்; விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பொருளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் இந்த வகையில் கால்களின் விரிவு குறைவாக இருக்கும். அதனால் என்ன ஆகும் என்பதை என் செலவில் நான் கற்றுக்கொண்டதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: அட்டைப்பெட்டியில் உள்ள கிலோ கணக்கை நம்பாமல் காலின் விரிவை அளப்பது

நான் முதலில் வாங்கிய ஸ்டாண்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் 150 கிலோ என்று போட்டிருந்தது. அதில் 11 கிலோ மெஷினை மாட்டி, 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், 10 அடி நீளமுள்ள ஒரு தேக்குச் சட்டத்தை ஏற்றினேன். முனையிலிருந்து ஓர் அடித் துண்டு ஒன்று வெட்ட வேண்டும். வெட்டுகிறவரைக்கும் இடதுகை மரத்தை அழுத்தியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பிளேடு நின்றபின் கையை எடுத்துத் துண்டை எடுக்கத் திரும்பினேன். எதிர்ப்பக்கத்தில் இரண்டு கால்கள் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பின. மெஷின் கவிழ்வதற்குள் எட்டிப் பிடித்துவிட்டேன் என்றாலும், புதிதாகப் போட்டிருந்த தரை டைல்ஸில் சட்டத்தின் மூலை இறங்கி ஒரு கீறலைப் போட்டுவிட்டது. அந்த டைல்ஸுக்கான காசு என் கூலியிலிருந்துதான் போனது.

150 கிலோ தாங்கும் என்று எழுதிய பொருள், மொத்தமே 10 கிலோ மரத்துக்கு ஏன் சாய்ந்தது? கணக்கு எளிது. அந்தச் சட்டத்தில் பிளேடுக்கு ஒரு பக்கமாக நின்றது 9 அடி. அதன் எடை ஏறத்தாழ 9 கிலோ, அதன் நடுப்புள்ளி பிளேடிலிருந்து 137 செ.மீ. தள்ளி இருந்தது. ஸ்டாண்டின் கால்கள் நடுவிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் தரையைத் தொட்டன. ஆகவே காலுக்கு வெளியே 97 செ.மீ. தூரத்தில் 9 கிலோ தொங்கியது. காலுக்கு உள்ளே 40 செ.மீ. தூரத்தில் 11 கிலோ மெஷினும் 8 கிலோ ஸ்டாண்டும் சேர்ந்து 19 கிலோ எதிர்த்து நின்றன. 9-ஐ 97-ஆல் பெருக்கினால் 873, 19-ஐ 40-ஆல் பெருக்கினால் 760. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமரத்தில் ஆள் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கம் இறங்கும் அதே நியதிதான் இது. கால்கள் நடுவிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருந்திருந்தால், அதே மரத்துக்கு 693 எதிர் 1,140 என்று கணக்கு மாறி, ஸ்டாண்டு அசையாமல் நின்றிருக்கும்.

பெட்டியில் எழுதும் எடை, நடுவில் நேராகக் கீழ்நோக்கி அழுத்தும் சுமைக்கானது. நீட்டிய கையின் நுனியில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சில நிறுவனங்கள் கையேட்டில் தனியே தருகின்றன. தந்திருந்தால் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். தரவில்லை என்றால், கடையில் ஸ்டாண்டை விரித்து வைத்து, இரு பக்கக் கால்களும் தரையில் படும் இடங்களுக்கு இடையே டேப்பு பிடியுங்கள். 10 அடி மரம் வெட்டுகிறவருக்கு அந்த விரிவு 120 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. மெஷின் எவ்வளவு இலேசானதோ அவ்வளவுக்கு இந்த விரிவு அதிகமாகத் தேவைப்படும் என்பதையும் கவனியுங்கள். சின்ன மெஷினுக்குச் சின்ன ஸ்டாண்டு போதும் என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன்.

ஸ்லைடிங் மெஷின் வைத்திருப்பவர்கள் முன்பின் சாய்வையும் பார்க்க வேண்டும். தலையை முழுவதும் முன்னால் இழுத்து ஒருமுறையும், முழுவதும் பின்னால் தள்ளி ஒருமுறையும் விட்டுப் பாருங்கள். கால்கள் எழும்பக் கூடாது, எழும்பப் பார்ப்பது போலத் தோன்றவும் கூடாது.

நான்காம் படி: கைகளைச் சோதிப்பது

ஒரு ஸ்டாண்டின் தரம் அதன் கைகளில்தான் தெரியும். கையை முழுவதும் வெளியே இழுத்து, பூட்டை இறுக்கி, நுனியில் உள்ளங்கையை வைத்து ஒரு குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் அளவு அழுத்திப் பாருங்கள். சற்று வளைந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் சரி. டொக்கென்று ஓர் ஓசையோடு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், குழாய்க்குள் குழாய் தளர்வாக ஓடுகிறது என்று பொருள். அந்தத் தளர்வு நாளாக நாளாகக் கூடுமே தவிரக் குறையாது.

கை ஒரு நூல் இறங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மி.மீ. மெஷினிலிருந்து 4 அடி தள்ளியுள்ள கை ஒரு நூல் இறங்கியிருக்கையில், 4 அங்குல உயர ஸ்கர்ட்டிங்கை நிமிர்த்தி வைத்து வெட்டினால், வெட்டின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே கால் மி.மீ. கோணல் வரும். மூலையில் சேரும் இரண்டு துண்டுகளிலும் இப்படி வந்தால் அரை மி.மீ. இடைவெளி. வெள்ளை பெயிண்ட் அடிக்கும் வேலையில் அதைப் பட்டி வைத்து மறைத்துவிடலாம். பாலிஷ் போடும் தேக்கில், வீட்டுக்காரர் வாசலில் நின்றே அதைக் காட்டுவார்.

கை உயர்ந்திருப்பது இதைவிட மோசம். அப்போது மரம் மெஷின் மேசையில் முழுமையாகப் படியாமல் நடுவில் தூக்கி நிற்கும். பிளேடு அடிவரை இறங்கியதும் இரண்டு பாதிகளும் உள்நோக்கிச் சரிந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். மெஷின் உறுமி நிற்பதும், துண்டு எகிறுவதும் பல நேரங்களில் இதனால்தான். ஆகவே கைகளின் நுனியில் மரம் உட்காரும் மேல்தாங்கி, குழி குழியாக அன்றி, திருகு மூலம் தொடர்ச்சியாக, நுணுக்கமாக ஏறி இறங்குவதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழியாக மாற்றிப் பூட்டும் வகையில், உங்கள் மெஷினின் உயரம் இரண்டு குழிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

தாங்கி உருளையாக இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். உருளை நீளமான மரத்தைத் தள்ளுவதற்கு வசதி. ஆனால் கோணத்தில் வெட்டும்போது மரம் சற்று நழுவி ஓடப் பார்க்கும். ஒரே அளவில் 40 துண்டு பீடிங் வெட்டுகிறவருக்குத் தட்டைத் தாங்கியும், அதில் ஸ்டாப்பர் எனப்படும் மடக்குத் தடுப்பும் இருப்பது நல்லது. ஸ்டாப்பரில் மரத்தை முட்டவைத்து வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் டேப்பு பிடிக்க வேண்டியதில்லை. அதில் ஒரு கவனம்: மரத்தை ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவில் அடைத்து நெருக்கக் கூடாது, மெதுவாகத் தொட்டால் போதும். தூள் சேர்ந்து அளவு மாறாமலிருக்க, நான்கைந்து துண்டுக்கு ஒருமுறை ஸ்டாப்பரின் முகத்தை விரலால் துடைத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிராக்கெட்டும் உயரமும்

மெஷினின் காலில் போல்ட் போட்டு மாட்டும் இரண்டு இரும்புப் பட்டைகள்தான் பிராக்கெட்டு. அவை ஸ்டாண்டின் சட்டத்தில் கொக்கி போல உட்கார்ந்து, லீவரால் இறுகும். எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், நீங்கள் எழுதி வந்த ஓட்டை அளவைப் பிராக்கெட்டின் பள்ளத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 8 மி.மீ. போல்ட் போதும். சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும் என்பதால், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டைத் தனியே வாங்கிப் போடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான். லீவரை இறுக்கிய பிறகு மெஷினின் கைப்பிடியைப் பிடித்து ஸ்டாண்டோடு சேர்த்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மெஷின் தனியே கிளம்பினால் பிராக்கெட்டு சரியாக உட்காரவில்லை.

உயரத்தைப் பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். எளிய வழி இது: செருப்போடு நேராக நின்று, கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து தரை வரையுள்ள அளவில் 10 முதல் 15 செ.மீ. குறைத்தால், அதுதான் உங்கள் மெஷின் மேசைப் பரப்பு இருக்க வேண்டிய உயரம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 90 செ.மீ.யில் வரும். மெஷினின் உயரமான 10 செ.மீ.யைக் கழித்தால், 80 செ.மீ. உயர ஸ்டாண்டு அவருக்குச் சரியாக இருக்கும். வெளிநாட்டு உயரக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த சில ஸ்டாண்டுகள் நம்மில் பலருக்குத் தோளைத் தூக்கி வேலை செய்யும்படி அமைந்துவிடுகின்றன. நான்கு மணிநேர வேலையில் கழுத்து அதைச் சொல்லிவிடும்.

நான்கு கால்களில் ஒன்றாவது தனியே நீளம் கூட்டக் குறைக்க முடிவதாக இருக்க வேண்டும். பூச்சு முடியாத தரையில் நான்கு காலும் ஒரேபோல் பதிவது அரிது. மரத்துண்டைக் காலுக்கு அடியில் செருகிச் சமாளிக்கலாம் என்றாலும், அதிர்வில் அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆறாம் படி: முதல் நாள் மட்டம் பார்ப்பது

ஸ்டாண்டு வீட்டுக்கு வந்ததும் மெஷினை மாட்டி, மின்இணைப்பு கொடுக்காமல், இந்த ஒரு வேலையை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். கால்களைச் சரிசெய்து நடுச்சட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. அதன்பின் இரண்டு கைகளையும் முழுவதும் இழுத்து, இரண்டு பக்கத் தாங்கிகளையும் எட்டும் நீளமுள்ள, வளைவில்லாத அலுமினியக் குழாய் ஒன்றை மெஷின் மேசையின் மேல் கிடத்துங்கள். வெறும் கண்ணால் பார்ப்பதை நம்பாமல், மேசைக்கும் குழாய்க்கும் இடையே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். தாள் எங்கும் தாராளமாக ஓடினால் ஏதோ ஒரு கை உயர்ந்திருக்கிறது. அந்தக் கையின் தாங்கியை, தாள் இறுகிப் பிடிபடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிறகு தாளைத் தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே வைத்து, அங்கும் இதேபோல் பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் தாள் ஒரேபோல் பிடித்தால் மட்டம் வந்துவிட்டது. அந்த நிலையில் தாங்கியின் தண்டில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த வேலையிடத்தில் அரை நிமிடத்தில் அதே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஃபென்ஸ் எனப்படும், மெஷினில் மரத்தைச் சாய்த்துவைக்கும் பின்தடுப்போடு, தாங்கியின் பின்பக்கத் தடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பது பலர் தவறவிடும் ஒன்று. தாங்கியின் தடுப்பு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் மரம் ஃபென்ஸைத் தொடாமல் விலகி நிற்கும், 45 பாகை என்று வைத்தது 45-ஆக வராது. மெஷினின் கோணத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் மூலை சேரவில்லை என்று தலையைச் சொறிபவர்கள், ஒரு நூலை ஃபென்ஸ் ஓரமாகக் கட்டி இழுத்து, தாங்கியின் தடுப்பு அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். தடுப்பு நூலைத் தொடாமல் ஒரு மயிரிழை பின்னால் இருப்பதே நல்லது.

ஸ்டாண்டு வாங்காமலே சமாளிக்க

எல்லாரும் உடனே காசு போட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே வேலையிடத்தில் மாதக்கணக்கில் இருப்பவருக்கு, ப்ளைவுட்டில் செய்துகொள்ளும் பலகை பல ஸ்டாண்டுகளைவிட உறுதியானது. 8 அடி, அதாவது 2,440 மி.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள 18 மி.மீ. ப்ளைவுட் பலகை ஒன்றை எடுத்து, வளையாமலிருக்க அடியில் நீளவாக்கில் இரண்டு பட்டைகளை நிறுத்திவைத்துத் திருகுங்கள். நடுவில் மெஷினுக்கு 600 மி.மீ. விட்டால் இருபுறமும் 920 மி.மீ. கிடைக்கும். அந்த இரு பகுதிகளிலும், மெஷின் மேசையின் உயரத்துக்குச் சரியாக ஒரு ப்ளைவுட் பெட்டி செய்து பொருத்துங்கள். பெட்டியை லேமினேட்டின் கனத்துக்குக் குட்டையாகச் செய்துவிட்டு, மேலே லேமினேட் துண்டு ஒட்டி உயரத்தைச் சரிக்கட்டுவது எளிது. அதிகமாகச் செய்துவிட்டால் இழைக்க வேண்டிவரும். ஸ்லைடிங் மெஷினாக இருந்தால் 40 செ.மீ. அகலம் காலுக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். பின்புறம் தண்டுகள் ஓட இடம் விட்டுச் சுவரிலிருந்து தள்ளியே பலகையை வைக்க வேண்டும். பலகையை நிறுத்த, மரக்குதிரைகள் எனப்படும் கால்வைத்த மரத் தாங்கிகள் இரண்டு போதும், ஆனால் பலகையைக் குதிரைகளோடு திருகிவிடுங்கள். சும்மா வைத்தால் முன்னால் சொன்ன அதே ஏற்றக் கணக்கு இங்கும் வேலைசெய்யும்.

பழைய ஸ்டாண்டு கைமாற்றில் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். பெயிண்ட் உரிந்திருப்பது ஒரு குறையே அல்ல. காலை விரிக்கும் இடத்திலுள்ள ரிவெட் ஓட்டைகள் முட்டைவடிவமாகத் தேய்ந்திருக்கின்றனவா, பூட்டு லீவர்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் வெடித்திருக்கின்றனவா, கைக்குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்ற மூன்றைப் பார்த்தால் போதும். கடற்கரை ஊர்களில் வேலை செய்பவர்கள் இரும்பைவிட அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. உப்புக்காற்று பட்ட இரும்புக் குழாய்க்குள் குழாய் துருப்பிடித்து இறுகிவிட்டால், மழைக்காலம் முடிந்து இழுத்துப் பார்க்கும்போது கை வராது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை போல்ட்டுகளை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள், கைக்குழாயைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். மரத்தூளோடு சேர்ந்து பசையாகி, அடுத்த வாரமே கையை இழுக்க இரண்டு பேர் தேவைப்படுவார்கள். வழுவழுப்பு வேண்டுமென்றால் மெழுகுவத்தியைக் குழாயின் மேல் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் மாதக்கணக்கில் ஓடும்.